கம்ப்ரசர்: அழுத்தியா, அமுக்கியா, துருத்தியா?

"அண்ணா, கம்ப்ரசர் போயிடுச்சாம். மாத்தணும்கிறாங்க."

டெக்சாசில் இருக்கும் தம்பி ஒருவன் போனில் சொன்னது. அவனிடம் பழைய மோட்டார்ஹோம் ஒன்று இருக்கிறது. 40 அடி நீளம், பின்பக்கம் டீசல் எஞ்சின், உள்ளே படுக்கை, அடுப்பு, குளியலறை. பஸ் உடம்புக்குள் ஒரு வீடு. அந்த எடைக்கு லாரி, பஸ்ஸைப் போலவே காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் பிரேக்தான். பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்குகின்றன.

நான் கேட்டது ஒரே கேள்வி. "காத்து ஏறலையா, ஏறின காத்து நிக்கலையா?"

கொஞ்சம் யோசித்தான். "ஏறுதுண்ணா. ராத்திரி நிறுத்தினா காலையில காத்து மானியோட முள்ளு கீழே கிடக்கு. வலது பின்பக்கம் உக்காந்துடுது."

அப்படியானால் கம்ப்ரசர் மேல் கை வைக்காதே என்றேன். ஏறுவதும் நிற்பதும் வேறு வேறு வேலை. முதலாவது கம்ப்ரசருடையது. இரண்டாவது குழாய், வால்வு, மூட்டு எல்லாவற்றுக்கும் பொது. நம் பட்டறைகளில் எவரும் சொல்லிக்கொடுக்காமலே புழங்கும் இந்த இரண்டு வினைச்சொற்களும் பழுதைப் பாதி பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. அதனால்தான் கம்ப்ரசருக்குத் தமிழ்ச்சொல் எது என்பதை அது செய்யும் வேலையிலிருந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

கம்ப்ரசர் என்பதன் வேர் லத்தீனில் இருக்கிறது. 'காம்' என்றால் சேர்த்து, 'பிரெமெரே' என்றால் நெருக்குவது. நாலாபக்கமும் சேர்த்து நெருக்குவது என்று பொருள். அச்சடிக்கும் பிரஸ்ஸும் பிரஷர் குக்கரின் பிரஷரும் இதே வேரில் முளைத்தவைதான். நம்மில் பலருக்கு இந்தச் சொல் முதலில் காதில் விழுந்தது ஃபிரிட்ஜ் வழியாக. பஞ்சர் கடையில் தடதடக்கும் தொட்டி அதற்கு அடுத்தது. ஃபிரிட்ஜில் இருப்பது குளிரூட்டும் வாயுவை நெருக்குகிறது, பஞ்சர் கடையில் இருப்பது வெறும் காற்றை. மோட்டார்ஹோமில் இரண்டுமே உண்டு. ஏசிக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று. இங்கே பேசுவது பிரேக்குக்கான கம்ப்ரசரை.

தமிழில் இதற்கு 'அழுத்தி' என்றும் எழுதுகிறார்கள், 'அமுக்கி' என்றும் எழுதுகிறார்கள். என் கட்சி அமுக்கி.

பொத்தானை அழுத்துகிறோம், காயத்தைத் துணி வைத்து அழுத்துகிறோம். மேலிருந்து விசை கொடுத்தால் போதும், அழுத்தப்படுவது சுருங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊருக்குக் கிளம்பும்போது பெட்டி மூடாமல் அடம்பிடித்தால் துணியை என்ன செய்கிறோம்? அமுக்குகிறோம். மெத்தை தைக்கிறவர் உறைக்குள் பஞ்சை அமுக்குகிறார். இடம் குறைய வேண்டும், பொருள் குறையக் கூடாது. கம்ப்ரசர் செய்வது அச்சுப்பிசகாமல் இதுதான். மானியில் 120 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காட்டும்போது, வெளியே ஏறத்தாழ 9 லிட்டர் இடத்தில் இருந்த காற்று தொட்டிக்குள் 1 லிட்டர் இடத்தில் அடங்கிக் கிடக்கிறது.

இலக்கணமும் இதற்குத் துணை நிற்கிறது. அமுங்கு என்பது தன்வினை, அமுக்கு என்பது பிறவினை. அடங்கு, அடக்கு, சுருங்கு, சுருக்கு, இறங்கு, இறக்கு என்று ஒரு பெரிய குடும்பமே இப்படி இருக்கிறது. மெல்லினம் வல்லினமாக மாறினால் வேலை தானாக நடப்பது போய், ஒருவர் செய்விப்பதாகிவிடும். காற்று அமுங்குகிறது, இயந்திரம் அமுக்குகிறது. அதோடு 'இ' சேர்த்தால் கருவியின் பெயர். மண்வெட்டி, பாக்குவெட்டி, தேங்காய்த்துருவி வரிசையில் காற்றமுக்கி. வீட்டில் புழங்கும் அச்சிலேயே வார்த்த சொல்.

ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழில் அமுக்கம் என்றாலே பிரஷர்தான். குருதியமுக்கம், வளிமண்டல அமுக்கம், தாழமுக்கம் என்பார்கள். நாம் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று மூச்சுவாங்கச் சொல்வதை அவர்கள் தாழமுக்கம் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லின் மேல் பொறாமையே உண்டு. ஆனாலும் காற்றமுக்கி என்று முழுதாகச் சொன்னால் எந்தக் கரையிலும் குழப்பம் வராது.

துருத்தி? அழகான பழஞ்சொல். கொல்லன் உலையில் காற்று ஊதும் தோற்பை. ஆனால் துருத்தி காற்றைத் தள்ளுகிறது, சேமித்து வைப்பதில்லை. அந்தப் பெயரை ஊதுவிசிறிக்குக் கொடுக்கலாம்.

துருத்தியை அப்படியே விட்டுவிடவும் மனம் இல்லை. குறுந்தொகையின் 172-ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார், பிரிவில் தவிக்கும் நெஞ்சுக்கு ஒரு துருத்தியை உவமை சொல்கிறார்: 'ஏழூர்ப் பொதுவினைக்கு ஓரூர் யாத்த உலைவாங்கு மிதிதோல்'. ஏழு ஊருக்கும் பொதுவாக ஓர் ஊரில் கட்டிவைத்த மிதிதுருத்தி. ஓய்வே கிடையாது, முடிவும் தெரியாது. காற்றுக் கசியும் வண்டியில் கம்ப்ரசர் படும் பாட்டை இதைவிடத் துல்லியமாக நான் எங்கும் படித்ததில்லை.

விளக்குகிறேன். எஞ்சின் ஓடும்வரை கம்ப்ரசரும் சுழலும். ஆனால் எப்போதும் காற்றடிப்பதில்லை. கவர்னர் என்ற சின்ன வால்வு, அழுத்தம் 120, 125 பிஎஸ்ஐ தொட்டதும் 'போதும்' என்று நிறுத்தும். அந்த நேரத்தில்தான் ஏர் டிரையர் 'ப்ஸ்ஸ்' என்று ஈரத்தைத் துப்பும். 100 பக்கம் இறங்கியதும் மறுபடி அடிக்கச் சொல்லும். இடைப்பட்ட நேரம்தான் கம்ப்ரசரின் ஓய்வு. கசிவு இருந்தால் அந்த ஓய்வு சுருங்கும். காற்றை அமுக்கினாலே சூடேறும், சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓய்வு போனால் சூடு கூடும், எண்ணெய் மேலேறும், வெளியேறும் குழாயில் கரி படியும். கடைசியில் கம்ப்ரசர் உண்மையிலேயே போகும். புதிது மாட்டினால் அதற்கும் அதே கதிதான், ஏழூர் வேலை இன்னும் தீரவில்லையே.

இனி 'லீக்'. ஒழுகு, கசி, பொசி, ஊறு என்று தமிழில் இதற்குச் சொற்கள் ஏராளம். எல்லாமே தண்ணீரைப் பார்த்துப் பிறந்தவை. கூரை ஒழுகும், பானை கசியும், வாய்க்கால் நீர் புல்லுக்குப் பொசியும். காற்றுக்குக் கசிவு என்பது எரிவாயுக் கசிவு என்ற செய்தித்தாள் வழக்கால் நிலைத்துவிட்டது. காற்றுக்கசிவு என்றே எழுதலாம், குறையில்லை. ஆனால் ஓட்டுநர்கள் சொல்வது 'ஏர் இறங்குது'. கசிவு பழுது இருக்கும் இடத்தின் பெயர், இறக்கம் முள்ளில் தெரியும் அறிகுறி. இரண்டையும் ஒன்றாக்கிவிடாமல் வைத்துக்கொள்வது நல்லது. அறிகுறி முதலில் வரும், இடத்தை நாம் தேடிப் போக வேண்டும்.

இறக்கத்துக்கு அளவுகோல் உண்டு. அமெரிக்காவில் கனரக வாகன உரிமம் எடுப்பவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்: எஞ்சினை அணைத்து, பிரேக்கை விடுவித்த நிலையில், டிரெய்லர் மாட்டாத தனி வண்டிக்கு ஒரு நிமிடத்தில் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை முழுதாக மிதித்துப் பிடித்தால் 3 வரை பொறுக்கலாம். சமதரையில், சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டே இதைச் செய்ய வேண்டும். மிதிக்கும்போது மட்டும் வேகமாக இறங்கினால் கசிவு பெடல் வால்வுக்குப் பின்னால், சக்கரத்துப் பக்கம்.

முள் எங்கே போய் நிற்கிறது என்பதும் பேசும். காற்றுப் பை, ஹாரன் போன்றவற்றுக்குப் போகும் வழியில் ஒரு காப்பு வால்வு இருக்கும். பிரேக்கின் காற்றை மற்றவை தின்றுவிடாமல் அது 65, 70 பிஎஸ்ஐ பக்கம் மூடிக்கொள்ளும் (வண்டிக்கு வண்டி மாறும்). அங்கே வந்து முள் நின்றுவிட்டால் கசிவு பிரேக்கில் இல்லை. முன், பின் பிரேக்குகளுக்கு இரண்டு தொட்டி, இரண்டு முள். இடையில் ஒருவழி வால்வு இருப்பதால் ஒன்று மட்டும் விழுந்தால் அந்தப் பக்கத்தைத் தேடினால் போதும்.

காற்றே முழுதும் போனால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் ரயிலுக்குச் செய்த முதல் காற்று பிரேக்கில் அந்தப் பயம் நியாயம்தான். குழாய் அறுந்தால் பிரேக் இல்லை. 1872-இல் அவர் அதைத் தலைகீழாக்கினார், காற்று போனால் பிரேக் பிடிக்கும். இன்றைய பார்க்கிங் பிரேக்கும் அந்த வழிதான். பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது காற்று.

தம்பியின் வண்டிக்கு வருகிறேன். முள் 70-இல் வந்து நின்றது என்று அடுத்த நாள் சொன்னான். மூலை ஒன்று உட்காருவதும் சேர்ந்ததால் பின்பக்கக் காற்றுப் பை, வண்டியின் உயரத்துக்கேற்ப அதற்குக் காற்று விடும் உயர வால்வு, அவற்றின் குழாய்கள் என்று இடம் சுருங்கிவிட்டது. அடியில் போவதற்கு முன்பு, வண்டியின் இரும்புச் சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். காற்றுப் பையை நம்பி அடியில் படுத்தவர்கள் நசுங்கி இறந்திருக்கிறார்கள். பை காலியானால் வண்டி சொல்லிக்கொண்டு இறங்காது. அவன் ஸ்டாண்டு கொடுத்ததை வீடியோவில் காட்டிய பிறகுதான் மேலே பேசினேன்.

பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து பூந்தெளிப்பானில் ஊற்றி ஒவ்வொரு மூட்டாகத் தெளித்தான். பையின் மடிப்பில் ஒன்றுமில்லை. வால்வின் உடம்பிலும் ஒன்றுமில்லை. வால்வுக்குள் நுழையும் நைலான் குழாயின் கழுத்தில் தெளித்துவிட்டு போனைக் கிட்டே கொண்டுபோனான். முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு குழாயின் ஒரு பக்கத்தில் மட்டும் கடுகளவு குமிழ்கள் வரிசையாக எழுந்தன. அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி, நெல்லிக்காய் அளவு வந்து உடைந்தன. உடைந்த இடத்தில் மறுபடி கடுகு. சத்தமே இல்லை. "இவ்வளவுதானாண்ணா?" என்றான்.

காற்றை முழுதும் வெளியேற்றிவிட்டுக் குழாயை உருவிப் பார்த்தால், எப்போதோ எவரோ அதைச் சாய்வாக வெட்டியிருந்தார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் சரியாக உட்காரவில்லை. ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டி மறுபடி சொருகினான்.

அன்று இரவு 118-இல் நிறுத்தினான். காலையில் அனுப்பிய படத்தில் முள் 110-இல் இருந்தது. கீழே ஒரு வரி: "நிக்குதுண்ணா."