முதல் மெரைன் டேங்கா? மீனுக்கு முன்னாடி மீட்டர வாங்குங்க

உப்புத்தண்ணில கடல் மீன் வளக்கிற மெரைன் டேங்க் செட் பண்ணி குடுக்கிறதும், மத்தவங்க செட் பண்ணி சொதப்பினத சரி பண்றதும்தான் நமக்கு தொழில். ரெண்டாவது வேலைதான் ஜாஸ்தியா வருது. போனதும் கண்ணுல படுறது அநேகமா ஒரே காட்சிதான், மேல ஃபோன்ல கலர் மாத்துற பளபள லைட்டு, காலைல சூரியன் உதிக்கிற மாதிரி ராத்திரி நிலா வெளிச்சம் மாதிரின்னு எல்லாம் வரும், கீழ தண்ணில ஒரு க்ளவுன்ஃபிஷ் மூலைல நின்னு வேகவேகமா மூச்சு வாங்கிட்டிருக்கும். உப்பு எவ்ளோ இருக்குங்கன்னு கேட்டா "பாக்கெட்ல போட்ட அளவுதாங்க போட்டேன்"னு பதில் வரும்.

ஒருத்தர் கொஞ்சம் விவரமானவர், உப்பு அளவு பாக்குற ஹைட்ரோமீட்டர் வச்சிருந்தார். பிளாஸ்டிக் டப்பாக்குள்ள முள்ளு ஆடுமே அது. முள்ளு கரெக்டா 1.025ல நிக்குது, அதுதான் கடல் தண்ணி அளவு. கிட்டப் போய் வெளிச்சத்துல பாத்தா முள்ளு மேல கடுகு சைஸ்ல நாலஞ்சு காத்துக் குமிழி ஒட்டிட்டிருக்கு, அது முள்ள மேல தூக்கிப் பிடிச்சிருக்கு. விரலால டப்பாவ ரெண்டு தட்டு தட்டினேன், குமிழி கழண்டு போச்சு, முள்ளு மெதுவா எறங்கி 1.020க்கும் கீழ வந்து நின்னுச்சு. மனுஷன் மூணு வாரமா கடல் தண்ணின்னு நெனச்சுட்டு உப்பு கம்மியான தண்ணில மீன் வளத்துட்டிருந்தார். மீனுக்கு என்ன வியாதின்னு மருந்து வேற ஊத்தியிருக்கார் பாவம்.

அதனால யாரு புதுசா கேட்டாலும் லிஸ்ட்ல மொதல்ல ரிஃப்ராக்டோமீட்டர் எழுதிடுவேன். ரெண்டு சொட்டு தண்ணி விட்டு கண்ணுல வச்சு உப்பு அளவ பாக்குறது. அதையும் வெறும் சுத்தத் தண்ணி விட்டு ஜீரோ வருதான்னு மட்டும் பாத்து நம்பிடாதீங்க, 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு உப்பு, கடல் தண்ணி அளவு) கரைசல்னு தனியா விப்பாங்க, அத விட்டு செட் பண்ணுங்க, ஏன்னா நமக்கு சரியா தெரிய வேண்டியது 35 பக்கத்துல, ஜீரோ பக்கத்துல இல்ல.

எந்த சாமானையும் வாங்குறப்ப நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான். அது வேலை செய்யும்போது என்ன பண்ணும்னு பெட்டிலயே எழுதியிருப்பான், அது ராத்திரி ரெண்டு மணிக்கு கெட்டுப்போனா என்ன ஆகும்னு எழுத மாட்டான். அதத்தான் நாம யோசிக்கணும்.

ஹீட்டர எடுத்துக்கோங்க. அது எரியாம போறது ஒரு விதம், அதுல மீனுக்கு கொஞ்சம் டைம் இருக்கு, தண்ணி மெதுவாத்தான் குளிரும். ஆனா நெறைய ஹீட்டர் போறது அப்படி இல்ல, சூடு போதும்னா ஆஃப் பண்ண வேண்டிய தெர்மோஸ்டாட் உள்ள ஒட்டிக்கிட்டு ஆஃப் ஆகாமலே எரிஞ்சுட்டிருக்கும், காலைல எழுந்து பாத்தா ரசம். 200 லிட்டர் டேங்குக்கு 200 வாட் ஒண்ணு வாங்குறதுக்கு பதிலா 100 வாட் ரெண்டு வாங்குங்க. ஒண்ணு ஒட்டிக்கிட்டாலும் மொத்த டேங்கையும் சீக்கிரம் சூடாக்க அதால முடியாது, ஒண்ணு செத்துப்போனாலும் இன்னொண்ணு ஓரளவு தாங்கும். அதுக்கும் மேல வெளில ஒரு கன்ட்ரோலர் போட்டு 27 தாண்டினா கரண்ட கட் பண்ற மாதிரி வச்சா நிம்மதி. 25, 26 டிகிரில ஓடட்டும். தண்ணி மாத்தும்போது மட்டும் ஹீட்டர் பிளக்க பிடுங்கிடுங்க, கண்ணாடி ஹீட்டர் தண்ணிக்கு வெளில எரிஞ்சு மறுபடி தண்ணி பட்டா படார்னு விரியும். நானே ரெண்டு ஹீட்டர் அப்படி உடைச்சிருக்கேன், சொல்லித்தர்றவன் உடைச்சா இன்னும் கேவலமா இருக்கும்.

வெயில் ஊர்ல இருக்கிறவங்களுக்கு ஹீட்டரே தேவைப்படாது, சூட்ட கொறைக்கிறதுதான் பாடு. சின்ன ஃபேன தண்ணி மேல அடிக்கிற மாதிரி வச்சாலே ரெண்டு மூணு டிகிரி எறங்கும், அதுலயும் சமாளிக்க முடியலன்னா தண்ணிய குளிர வைக்கிற சில்லர் மெஷின். ஃபேன் போட்டா தண்ணி ஆவியாப் போறது கூடும்னு ஞாபகம் வச்சுக்கணும், அங்கதான் பெரிய தப்பு ஒண்ணு நடக்குது.

தண்ணிதான் ஆவியாகும், உப்பு உள்ளயே கெடக்கும். 200 லிட்டர் கடல் தண்ணில ஏறக்குறைய 7 கிலோ உப்பு இருக்கு. 10 லிட்டர் ஆவியானா கொறஞ்சது வெறும் தண்ணிதான், அந்த 7 கிலோ அப்படியே இருக்கு. இப்ப ஒருத்தர் கொறஞ்சத உப்புத்தண்ணி ஊத்தி நெரப்புறார்னு வைங்க, ஒவ்வொரு தடவையும் 350 கிராம் உப்பு எக்ஸ்ட்ராவா உள்ள போகுது, நாலே தடவைல 35 இருந்தது 42 ஆயிடும். கொறஞ்சா நல்ல தண்ணி, அழுக்கானத எடுத்துட்டு மாத்துனா உப்புத்தண்ணி, அவ்ளோதான் கணக்கு. தானா நெரப்புற ஆட்டோ டாப் ஆஃப் வாங்குறது நல்லதுதான், ஆனா அதோட சென்சார் ஒட்டிக்கிட்டா பம்ப் நிக்காம நல்ல தண்ணிய உள்ள தள்ளிட்டே இருக்கும், அதனால அந்த தண்ணி டப்பா பெருசா இருக்கக்கூடாது, 10 லிட்டர் டப்பான்னா மொத்தமா கொட்டினாலும் 33க்கு மேலதான் நிக்கும், மீனுக்கு ஒண்ணும் ஆகாது.

அந்த நல்ல தண்ணி எதுன்னா, குழாய்த் தண்ணி இல்ல. குளோரின், நைட்ரேட், பாஸ்பேட், சில இடத்துல பைப்புல இருந்து வர்ற செம்பு, எல்லாம் அதுல இருக்கும். தண்ணில கரைஞ்சிருக்கிறத எல்லாம் பிரிச்சு எடுக்குற ஆர்ஓ டிஐ யூனிட் போட்டு, கரைஞ்சது எவ்ளோன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர்ல ஜீரோ வர்ற தண்ணிதான் வேணும். வீட்ல குடிக்கிற ஆர்ஓ போதுமான்னு எல்லாரும் கேப்பாங்க, சிலதுல டேஸ்டுக்காக மினரல் திரும்ப சேர்க்கிறாங்க, டிடிஎஸ் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. உப்ப தனி டிரம்ல போட்டு சின்ன பம்ப் ஓடவிட்டு நல்லா கரைச்சு அப்புறம் ஊத்தணும், மீன் இருக்கிற டேங்க்குள்ள நேரா கொட்டுறவங்கள நான் பாத்திருக்கேன், வேண்டாம்.

டேங்க் சைஸ் பத்தி. சின்னதுல ஆரம்பிச்சு பழகிட்டு பெருசு வாங்கலாம்னு எல்லாருக்கும் தோணும், மெரைன்ல அது உல்ட்டா. தண்ணி கம்மின்னா ஒரு மீன் செத்தா கூட மீனுக்கு விஷமான அமோனியா சட்டுனு ஏறிடும். மூணடி நீளம், ஒண்ணரை அடி அகலம், ஒண்ணரை அடி உயரம்னா கிட்டத்தட்ட 190 லிட்டர், ஆரம்பத்துக்கு அளவான சைஸ். தண்ணி மட்டுமே 195 கிலோ வரும், கண்ணாடி, கல்லு, ஸ்டாண்ட் எல்லாம் சேத்தா 250 தாண்டும், டிவி ஸ்டாண்ட் மேல எல்லாம் வைக்க முடியாது. பழைய டேங்க் வாங்கினா அதுல செம்பு மருந்து போட்டாங்களான்னு கேளுங்க, ஏன்னு பின்னாடி வரும். அப்புறம் நீல டேங்னு ஒரு மீன், குழந்தைங்க மொதல்ல கேக்குறது அதத்தான், ஆறடி டேங்க் இல்லாம அத வாங்கிடாதீங்க.

ஃபில்டர்னு தனியா பெருசா ஒண்ணும் தேவையில்ல, நிஜ ஃபில்டர் கல்லுதான். லைவ் ராக்னு சொல்ற அந்த கடல் கல்லுல இருக்கிற பாக்டீரியா அமோனியாவ நைட்ரைட்டாக்கி, அத நைட்ரேட்டாக்கும், அது செட் ஆக நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும், அதுவரைக்கும் அமோனியா டெஸ்ட் கிட்டும் நைட்ரைட் டெஸ்ட் கிட்டும்தான் உங்க மீன். ரெண்டும் ஜீரோ காட்டணும். மூடின டப்பா மாதிரி இருக்கிற கேனிஸ்டர் ஃபில்டர் ஏற்கனவே வச்சிருக்கவங்க யூஸ் பண்ணலாம், ஆனா ஸ்பாஞ்ச அடிக்கடி கழுவலன்னா நைட்ரேட் ஏறிட்டே போகும், இன்னொண்ணு கரண்ட் பல மணி நேரம் போனா மூடின டப்பாக்குள்ள ஆக்சிஜன் தீந்து தண்ணி நாறிடும், கரண்ட் வந்ததும் அந்த நாத்தத் தண்ணி அப்படியே டேங்க்குக்கு வரும்.

புரோட்டீன் ஸ்கிம்மர் பொடிப்பொடி குமிழி விட்டு அழுக்க நுரையா மேல தூக்கி கப்புல தள்ளும், டீ கலர்ல வர்ற அந்த தண்ணிய ஒருதரம் மோந்து பாத்தீங்கன்னா இது இல்லாம டேங்க் வைக்க மனசு வராது. புதுசுல ஒரு வாரம் அடம் பிடிக்கும், ஒண்ணு நுரையே வராது இல்லன்னா பொங்கி வழியும், ரிப்பேர்னு திருப்பிக் குடுத்துடாதீங்க. 100 லிட்டருக்கு கீழன்னா ஸ்கிம்மர் இல்லாம வாராவாரம் பத்து சதவீதம் தண்ணி மாத்தியே ஓட்டலாம். தண்ணிக்குள்ள வச்சு தண்ணிய சுத்த விடுற பவர்ஹெட் பம்ப் எல்லாம் சேந்து மணிக்கு டேங்க் அளவு மாதிரி பத்து மடங்கு தண்ணிய சுத்தினா மீனுக்கு போதும், ஒண்ணோட மூஞ்சிய தண்ணி மேல்பரப்பு பக்கம் திருப்பி வைங்க.

லைட்டா? மீன் மட்டும்னா சாதா எல்இடி போதும். பவளம் வைக்கும்போது பாத்துக்கலாம்.

மூடி மறக்காதீங்க, கண்ணாடியா இல்லாம வலையா இருந்தா நல்லது. ஃபயர்ஃபிஷ் கேபிள் போற சின்ன ஓட்டைல கூட குதிச்சு வெளிய வந்துடும், ஸ்டாண்டுக்கு பின்னாடி கருவாடா எடுத்திருக்கேன். புது மீனுக்கு வியாதி இருக்கான்னு தனியா வச்சுப் பாக்க 40 லிட்டர்ல வெறும் டேங்க் ஒண்ணு வேணும், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ரெண்டு துண்டு பிவிசி பைப், ஒரு மாசம் அதுக்கு அங்கதான் வாசம். வெள்ளைப் புள்ளி வியாதி வந்தா செம்பு மருந்து அந்த டேங்க்ல மட்டும்தான் போடணும், மெயின் டேங்க்ல போட்டா இறால், பவளம் எல்லாம் காலி, கல்லும் அத உறிஞ்சி வச்சுக்கும்.

கரண்ட் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். உப்புத்தண்ணி கரண்ட நல்லா கடத்தும், கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற ஆர்சிசிபி இல்லாத லைன்ல டேங்க் போட நான் ஒத்துக்கிறதே இல்ல. ஒயர் பிளக்குக்கு கீழ ஒரு தொங்கல் விட்டு அப்புறம் மேல ஏறணும், ஒயர் வழியா எறங்குற சொட்டு அந்தத் தொங்கல்ல தரைல விழும், பிளக்குக்கு போகாது. கரண்ட் போனா காத்து விட பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு ஸ்டாண்டுக்குள்ள இருக்கட்டும்.

எல்லாம் மாட்டி முடிச்சு, மீன் போடுறதுக்கு முன்னாடி, மெயின் பிளக்க பிடுங்குங்க. பம்ப் நின்னதும் மேல இருக்கிற தண்ணி கொஞ்சம் பைப் வழியா கீழ வச்சிருக்கிற சம்ப் தொட்டிக்கு எறங்கும், எங்க வந்து நிக்குதுன்னு பாருங்க. விளிம்ப தாண்டினா, தண்ணிய சம்ப்ல இருந்து டேங்க்குக்கு ஏத்துற ரிட்டர்ன் பைப்புல தண்ணி மட்டத்துக்கு ஒட்டி கீழ ஒரு சின்ன ஓட்டை போடணும், மட்டம் எறங்கினதும் காத்து புகுந்து உறிஞ்சுறது நின்னுடும். ஓட்டைய நத்தையோ பாசியோ அடைச்சிடும், மாசத்துக்கு ஒருதரம் பல்குச்சி வச்சு குத்தி விடுங்க. ஓட்டைய மட்டும் நம்பாம, ஓடுற நேரத்துல சம்ப்ல எவ்ளோ தண்ணி இருந்தா கரண்ட் போனாலும் வழியாதுன்னு பாத்து அந்த எடத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுடுங்க. அதுக்கு மேல யாரும் தண்ணி ஊத்தக்கூடாதுன்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க.