சாரக்கட்டா, கைத்தாங்கலா?

"கற்போருக்குத் தேவையான சாரக்கட்டினை ஆசிரியர் வழங்குதல் வேண்டும்."

ஆசிரியர் பயிற்சிக் கையேடு ஒன்று மெய்ப்புப் பார்க்க வந்தது. முதல் பக்கத்திலேயே இந்த வரி. எண்ணிப் பார்த்தேன்: மொத்தம் 17 இடங்களில் சாரக்கட்டு. எட்டிப் பார்த்த ஆசிரிய நண்பர், "பெயின்ட் அடிக்கப் போறாங்களா சார்?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. பிள்ளை தானாகச் செய்யப் பழகும்வரை உடனிருந்து உதவுவதைத்தான் கையேடு அப்படிச் சொல்கிறது. இருபது வருடமாக வகுப்பில் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அதன் பெயர்தான் அவருக்கு எட்டவில்லை. இந்தச் சொல்லை இதற்கு முன்பும் பலமுறை கேட்டுப் பல்லைக் கடித்திருக்கிறேன். பதினேழு என்பது கொஞ்சம் அதிகம்.

ஆங்கிலத்தில் இது ஸ்கேஃபோல்டிங். பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். மேடை என்று பொருள், தூக்குமேடைக்கும் அதே பெயர்தான். பிறகு கட்டட வேலைக்கு நிலைத்துவிட்டது. வேர்க்கதை இவ்வளவு போதும்.

கற்பித்தலுக்குள் இது வந்தது 1976-இல், டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை வழியாக. மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 30 பேர். ஒன்றோடொன்று பொருந்தும் 21 மரக்கட்டைகள். சரியாக அடுக்கினால் ஒரு பிரமிடு. பக்கத்தில் ஒரு பயிற்றுநர். பிள்ளை தானாகச் செய்யக்கூடியதை அதுவே செய்ய விட்டுவிட்டு, முடியாத இடத்தில் மட்டும் அவர் எப்படி நுழைகிறார் என்று பார்த்தார்கள். பலர் இந்தச் சொல்லை ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அவர் 1934-இலேயே இறந்துவிட்டார். தனியாகச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பற்றிய எண்ணம் அவருடையது. இந்த உருவகத்தை ஊன்றியது 1976-ஆம் ஆண்டுக் கட்டுரை.

வுட் தம் மற்ற ஆய்வுகளில் இதை ஒரு விதியாகவே சொன்னார்: பிள்ளை தடுமாறினால் உதவியைக் கூட்டு, சரியாகச் செய்துவிட்டால் குறை. முதலில் பொதுவாக ஒரு சொல்: "அடுத்து என்ன செய்யலாம்?" அதில் நகராவிட்டால், "இன்னும் பெரிய கட்டையாப் பாரு." அதற்கும் நகராவிட்டால் எந்தக் கட்டை என்று விரலால் காட்டு. பிறகு கட்டையைத் திருப்பி வை. கடைசியாகத்தான் செய்து காட்டு. பிள்ளை ஒன்றைப் பொருத்திவிட்டதா? ஒரு படி பின்வாங்கு. ஆக, இது வெறும் உதவியின் பெயரல்ல, குறைந்துகொண்டே வரும் உதவியின் பெயர். குறையாவிட்டால் அதற்கு இந்தப் பெயர் இல்லை.

இப்போது சாரக்கட்டுக்கு வருவோம். மேஸ்திரிகள் சாரம் என்றுதான் சொல்கிறார்கள். சாரம் கட்டு, சாரம் பிரி என்று அவர்களிடம் இரண்டு வினைகள் உண்டு. நம் மொழிபெயர்ப்பாளர் கட்டுவதை மட்டும் எடுத்துச் சொல்லோடு சேர்த்து இறுக்கிவிட்டார், பிரிப்பதை விட்டுவிட்டார். மேலே சொன்ன விதியில் எது உயிரோ அதுவே போய்விட்டது. 17 இடங்களில் ஓரிடத்திலாவது சாரத்தைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடினேன். இல்லை. கட்டிக்கொண்டே போகிறார்கள்.

சரி, சொல்லைத் திருத்திச் 'சாரம்' என்றே வைத்துக்கொள்ளலாமா? அதுவும் எனக்கு ஒப்பவில்லை. சாரம் கட்டடத்தைத் தாங்குவதில்லை. கொத்தனாரையும் அவருடைய சாந்துச் சட்டியையும் தாங்குகிறது. கட்டடத்தைத் தாங்குவது முட்டு: கான்கிரீட் இறுகும்வரை பலகைக்கு அடியில் நிற்குமே, அது. அப்படியானால் பிள்ளை யார்? கட்டடம் என்றால், ஆசிரியர் சாரத்தின்மேல் ஏறி நின்று பிள்ளையைக் கட்டி முடிக்கிறார், பிள்ளை சும்மா நிற்கிறது. அந்த மூவரும் சொல்ல வந்ததற்கு நேர் எதிர் இது. பிள்ளைதான் கொத்தனார் என்றால் உருவகம் சரியாக உட்காரும். ஆனால் வாசிப்பவர் மனத்தில் முதலில் எழும் படம் அதுவா? ஆங்கிலத்தில் எழுதுபவர்களே இந்த உருவகம் விறைப்பானது என்று குறைபட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஐம்பது வருடப் புழக்கத்தில் அது தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. நாம் புதிதாகச் சொல் எடுக்கும்போது அதன் கோணலையும் சேர்த்து ஏன் எடுக்க வேண்டும்?

இன்னொரு தொல்லை. பாடத்தின் சாரம் என்றால் பாடத்தின் பிழிவு. "பாடத்திற்குச் சாரம் அமைக்க" என்று எழுதினால் சுருக்கம் எழுதச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். இலங்கைத் தமிழிலோ சாரம் இடுப்பில் கட்டுவது. அங்குள்ள ஆசிரியரிடம் மாணவருக்குச் சாரம் கட்டிவிடச் சொல்லிப் பாருங்கள்.

மாற்றாகச் சிலர் 'படிநிலை ஆதரவு' என்கிறார்கள். படிக்கட்டு வீடு கட்டி முடிந்த பிறகும் அங்கேயேதான் இருக்கும். போதாததற்கு 'ஆதரவு' என்றதும் தேர்தல் நினைவு. தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'கொழுகொம்பு' என்றார். அழகான சொல், ஆனால் கொடிக்குக் கொழுகொம்பு ஆயுளுக்கும் வேண்டும். உருவினால் கொடி சாய்ந்துவிடும். 'பற்றுக்கோடு'ம் அப்படியே, விடாமல் பற்றுவதற்கானது. 'முட்டுக்கொடுத்தல்' பொருளால் நெருங்கி வருகிறது, இறுகியதும் எடுத்துவிடுவதால். ஆனால் இன்று சமூக ஊடகத்தில் அந்தச் சொல் படும் பாட்டைப் பார்த்தால் வகுப்பறைக்குள் விட முடியாது. தலைவர் என்ன பேசினாலும் நியாயப்படுத்துகிறவர்தான் இப்போது முட்டுக்கொடுப்பவர்.

நான் 'கைத்தாங்கல்' என்பேன். கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிவந்தார்கள் என்று நாமெல்லாம் சொல்வதுதான். நடப்பது அவருடைய காலால், தாங்குவது நம் கை. தோள்மேல் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பது கைக்குத் தெரியும். பாரம் குறையக் குறையப் பிடி தானாகத் தளரும், ஒரு கட்டத்தில் கையை விட்டுவிட்டுப் பக்கத்தில் மட்டும் நடப்போம். வுட் சொன்ன விதி முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக உருக்கி வார்க்க வேண்டியதில்லை.

நோயாளி வாடை அடிக்கிறது என்பார்கள். அடிக்கிறதுதான், மறுக்கவில்லை. மனத்தாங்கல் என்று இன்னொரு தாங்கலும் உண்டு, அதுவும் தெரியும். இருந்தும் கைத்தாங்கல் என்று கேட்டதும் யாரும் விளக்கம் கேட்பதில்லை. கலைச்சொல்லுக்கு நான் பார்க்கும் முதல் தகுதி அதுதான்; தூய்மை இரண்டாவது. இங்கே இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன.

இது சொற்சண்டை மட்டும் இல்லை. கற்றல் செயலி ஒன்றில் ஒரு பெண்குழந்தை பின்னக்கணக்குப் போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 'குறிப்பு' பொத்தானை ஒருமுறை தட்டினால் ஒரு வரி, இரண்டாம் முறை இன்னொரு வரி, மூன்றாம் முறை விடை. அவள் வரிகளை வாசிக்கவே இல்லை. டக் டக் டக், விடை, அடுத்த கணக்கு. பத்தாவது கணக்கிலும் அதே மூன்று தட்டு. அந்தச் செயலியின் விளக்கப் பக்கத்தில் இதற்குப் பெயர், ஆமாம், 'அறிவார்ந்த சாரக்கட்டு வசதி'. கைத்தாங்கல் என்று பெயர் வைத்திருந்தால், எப்போது கையை விடுவது என்று செய்தவருக்கே ஒரு கேள்வி வந்திருக்கும்.

வளர்ந்தவர்கள் கற்பதிலும் இதே கதைதான். விரிதாளில் சூத்திரம் எழுதப் பழகுகிறவருக்கு முதலில் முழுதும் செய்து காட்டிய எடுத்துக்காட்டு வேண்டும். பிறகு கடைசி வரியை மட்டும் அவருக்கு விட வேண்டும். அப்புறம் கடைசி இரண்டு வரிகளை. தேறியவரிடமும் முழு விளக்கத்தைத் திணித்தால் அது அவருக்கு இடைஞ்சலாகவே முடியலாம் என்று கல்யூகா, ஸ்வெல்லர் முதலான கல்வி உளவியலாளர்கள் 2003-இல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். பிடியைத் தளர்த்தாத கை அங்கே காலைத் தட்டிவிடுகிறது.

'வழங்குதல்' பற்றியும் ஒரு வார்த்தை. அனுபவத்தை வழங்குகிறது, பின்னூட்டத்தை வழங்குக, வாய்ப்பினை வழங்கவும்: மொழிபெயர்ப்பாளர்கள் கையில் எல்லாமே ரேஷன் பொருளாகிவிட்டது. கைத்தாங்கலை யாரும் வழங்குவதில்லை. கைத்தாங்கலாக நடத்துகிறோம், பழக்குகிறோம், கூட்டிப்போகிறோம். பெயர்ச்சொல்லைத் தூக்கி வைத்து அதற்கு ஒரு 'வழங்கு' மாட்டுகிற வழக்கம் போனாலே பாதிக் கையேடுகள் வாசிக்கும்படி ஆகிவிடும்.

அந்தக் கையேட்டில் 16 இடங்களைத் திருத்தி அனுப்பினேன். பதினேழாவதில் கை வைக்கவில்லை. கட்டட வேலை நடக்கும் பக்கம் பிள்ளைகளை விடக் கூடாது, சாரக்கட்டு சரியக்கூடும் என்ற பாதுகாப்புக் குறிப்பு அது.