வருட வேண்டாம், கையை வைத்திருங்கள்

குறைமாதக் குழந்தையை முதன்முதலாகப் பார்க்க வரும் அம்மாக்கள் பலர் இன்குபேட்டரிலிருந்து ஓரடி தள்ளியே நிற்பார்கள். "தொட்டா ஏதாவது ஆயிடுமா டாக்டர்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. பயம் நியாயமானதே. கர்ப்பத்தின் 28 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்த குழந்தைக்குத் தோலின் மேலடுக்கு சரியாக உருவாகியிருக்காது, அழுத்தித் தேய்த்தாலே உரிந்துவிடும். அதற்காகத் தொடாமலே இருக்க வேண்டியதில்லை.

கருவில் மற்ற புலன்களுக்கு முன்பே தொடு உணர்வு வந்துவிடுகிறது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தைக்குக் கிடைக்கும் தொடுதல்களைப் பாருங்கள்: ஊசி, குழாய், பிளாஸ்டரைப் பிரிப்பது, குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பது. நாங்கள் தொட்டாலே முகம் சுளிக்கும் குழந்தைகள் உண்டு. வலிக்காத தொடுதலும் இருக்கிறது என்பதை அம்மாதான் அதற்குக் காட்ட வேண்டும்.

மென்மை என்றதும் எல்லோரும் விரல் நுனியால் லேசாக வருடுவார்கள். நரம்பு மண்டலம் முதிராத குழந்தைக்கு அது கூச்சத்தையும் தொந்தரவையும்தான் தரும். மோதிரம், வளையலைக் கழற்றிக் கையைக் கழுவி, உள்ளங்கை சூடானதும் ஒரு கையைத் தலை மேலும் மறு கையை மடங்கிய கால்களைச் சுற்றியும் வையுங்கள். அப்புறம் அசைக்காதீர்கள். கருப்பைக்குள் சுருண்டு கிடந்தபோது இருந்த அணைப்பு அதற்குக் கிடைக்கும். விரல்களை விரித்தால், விக்கல் வந்தால், நிறம் மாறினால், மானிட்டரில் ஆக்சிஜன் இறங்கினால், 'இப்போதைக்குப் போதும்' என்று அர்த்தம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். உங்களைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது கங்காரு பராமரிப்பு. டயாப்பர், குல்லாவோடு குழந்தையை அம்மாவின் வெறும் மார்பில், மார்போடு மார்பு ஒட்டும்படி நேராக நிமிர்த்தி வைத்துக் கட்டிக்கொள்வது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. வேறு வழியில்லாமல் செய்தது, இன்று வசதியான மருத்துவமனைகளிலும் சிகிச்சையாகிவிட்டது. இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளுக்கு, உடல்நிலை சீராகும் வரை காத்திராமல் பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது, முதல் 28 நாட்களில் இறப்பு சுமார் 25 சதவீதம் குறைந்தது. தினமும் 8 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அம்மாவைப் பார்வையாளர் நேரத்தில் மட்டும் உள்ளே விடும் வழக்கத்தில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

பல அம்மாக்கள் வெளியே சொல்லாத விஷயம் ஒன்று: "இது என் குழந்தைன்னே தோணல." குழாய்களுக்கு நடுவே படுத்திருக்கும் குழந்தையிடம் உடனே பாசம் பொங்கவில்லை என்றால் அது உங்கள் குற்றமல்ல. மார்போடு கிடக்கும்போது அம்மாவின் உடலில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, பாலும் இறங்குகிறது. அந்த நெருக்கம் பல நாட்களில் மெல்ல மெல்ல வரும்.

அம்மாவுக்கு ஓய்வு தேவைப்படும்போது அப்பா செய்யலாம், பாட்டியும் செய்யலாம். வீட்டுக்குப் போன பிறகும் தொடருங்கள். எப்போது நிறுத்துவது என்று கேட்பார்கள். எடை ஏறியதும் குழந்தையே நெளிந்து, காலை உதைத்து வெளியே வரப் பார்க்கும். அப்போது நிறுத்தினால் போதும்.