கேர் லீவர்: 25 வயது வரை கவுன்சிலிடம் கேட்கலாம்

இங்கிலாந்தில் கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி சபையின், பராமரிப்பில் வளரும் பிள்ளைக்கு 18 வயது ஆனதும் எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் எங்கள் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது சரியல்ல. லண்டனில் ஒரு கவுன்சிலில் பெர்சனல் அட்வைசராக இருக்கிறேன். பராமரிப்பை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கு, அதாவது கேர் லீவர்களுக்கு, துணையாக நிற்பதுதான் என் வேலை. அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. சிலர் வீட்டுப் பிரச்சினையால் கவுன்சில் பொறுப்புக்கு வந்தவர்கள். சிலர் பெற்றோர் இல்லாமல் தனியாக வந்து தஞ்சம் கேட்டவர்கள்.

14 வயதுக்குப் பிறகு மொத்தமாக 13 வாரங்களாவது பராமரிப்பில் இருந்து, 16ஆவது பிறந்தநாளுக்குப் பிறகும் அதில் தொடர்ந்த பிள்ளைக்கு கேர் லீவர்களுக்கான 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பெர்சனல் அட்வைசரும், என்ன உதவி கிடைக்கும் என்று எழுதிய பாத்வே பிளான் என்ற திட்டமும் கிடைக்க வேண்டும். அந்தத் திட்டத்தை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது திருப்பிப் பார்க்க வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 16 வயதை ஒட்டிய காலத்தில் பிள்ளையைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பும் பேச்சு வரலாம். போவது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் போனால் இந்த உரிமைகளில் எது மிஞ்சும் என்று சோஷல் வேர்க்கரிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

18 நெருங்கும்போது இரண்டு காரியங்களை நான் விடாமல் துரத்துவேன். முதலாவது குடியுரிமை. தகுதியுள்ள பிள்ளை கவுன்சில் பராமரிப்பில் இருக்கும்போதே பிரிட்டிஷ் பிரஜையாகப் பதிய விண்ணப்பித்தால், 2022 ஜூன் முதல் கட்டணம் இல்லை. 18 தாண்டிவிட்டால் அதே குடியுரிமைக்கு 1,500 பவுணுக்கு மேல் கட்ட வேண்டும். அந்தப் பிறந்தநாளைத் தவறவிடுவது அவ்வளவு செலவான விஷயம். இரண்டாவது யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவிப் பணம். விண்ணப்பித்தால் முதல் காசு வரவே ஐந்து வாரம் ஆகும். கேர் லீவர்கள் 18ஆவது பிறந்தநாளுக்கு 28 நாளுக்கு முன்பே படிவத்தை ஆயத்தம் செய்து வைக்கலாம்.

வீடு கிடைப்பது பெரிய சந்தோஷம்தான். ஆனால் முதல் வாரம் பிள்ளைகளை உலுக்கிவிடும். கவுன்சில் வீடுகளில் பெரும்பாலும் வெறும் தரைதான், கார்பெட் இருக்காது. அடுப்பு, ஃபிரிட்ஜ், கட்டில், திரைச்சீலை எல்லாம் குடிபோகும் பிள்ளைதான் வாங்க வேண்டும். அதற்கான உதவித்தொகை 2023 ஏப்ரலில் 2,000 பவுணிலிருந்து 3,000 ஆக உயர்ந்தது. கார்பெட்டுக்கே அதில் நல்ல பங்கு போய்விடும். ஒரு தம்பி சாவி வாங்கிய அன்று மின்சார மீட்டரில் 20 பவுண் போட்டான், லைட் எரியவில்லை. முன்பு இருந்தவரின் கடன் மீட்டரிலேயே கிடந்து, போட்ட காசை அப்படியே எடுத்துவிட்டது. தன் பிழை என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் இரவு முழுக்க இருட்டில் இருந்திருக்கிறான். குடிபோகும் நாளிலேயே மீட்டரைப் படம் எடுத்து, மின்சார நிறுவனத்துக்குப் போன் பண்ணித் திகதியைச் சொன்னால் அந்தக் கடனை நீக்குவார்கள். இதை எந்தப் பாத்வே பிளானிலும் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்பது என் கருத்து.

தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கும் கேர் லீவருக்கு 25 வயது வரை, பகிர்ந்து வாழும் அறைக்கான குறைந்த தொகை இல்லை, ஒரு படுக்கையறை வீட்டுக்கான அளவில் வாடகை உதவி உண்டு. வீட்டுக்காகக் கவுன்சில் வாங்கும் வரியான கவுன்சில் டாக்ஸ் விஷயம் ஊருக்கு ஊர் மாறும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் கேர் லீவர்களுக்குச் சட்டப்படியே விலக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் அது அந்தந்தக் கவுன்சிலின் முடிவு. ஒரு தெரு தள்ளிப் போனால் பில் வரலாம். இது நியாயமே இல்லை. ஒவ்வொரு கவுன்சிலும் தான் தரும் உதவிகளை வெளியிட்டே ஆக வேண்டும், வீட்டுக்குக் கையெழுத்துப் போடமுன் அதைப் படியுங்கள்.

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து பராமரிப்பில் இருந்த பிள்ளைக்கு அரசு 200 பவுண் போட்டு ஜூனியர் ஐசா என்ற சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்திருக்கும். 2002 செப்டம்பருக்கும் 2011 ஜனவரித் தொடக்கத்துக்கும் இடையில் பிறந்தவர்கள் என்றால் சைல்ட் டிரஸ்ட் ஃபண்ட் என்ற சேமிப்புக் கணக்கு இருக்கலாம். 18இல் எடுக்கலாம். கேட்காததால் சும்மா கிடக்கும் காசு அது.

எங்கள் பிள்ளைகள் கேட்காததற்கு வெட்கமும் ஒரு காரணம். பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் யூகாஸில் விண்ணப்பிக்கும்போது பராமரிப்பில் இருந்தீர்களா என்று ஒரு கேள்வி வரும். ஒரு தங்கச்சி அதை வெறுமையாக விட்டிருந்தாள். "எல்லாரும் ஏன் எண்டு கேப்பினம் அக்கா" என்றாள். அவள் பயந்தது பல்கலைக்கழகத்துக்கு இல்லை, கோயிலில் அம்மாவைத் தெரிந்த ஆட்களுக்கு. அந்தப் பதில் கோயிலுக்குப் போகாது என்று சொல்லிப் புரியவைக்க நேரம் எடுத்தது. நிரப்பினால் பல்கலைக்கழகம் தனி உதவி தரலாம். கவுன்சிலும் 2,000 பவுண் தர வேண்டும், விடுமுறையில் போக இடமில்லாதவருக்குத் தங்குமிடத்துக்கும் உதவ வேண்டும். வீட்டில் என்ன நடந்தது என்று இந்தப் பிள்ளைகளிடம் துருவிக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, கடிதம் ஏதாவது வந்ததா, வாசித்துச் சொல்லட்டா என்று கேளுங்கள், அதுவே பெரிய உதவி.

21 வயதில் "இனி வேண்டாம்" என்று போய்விட்டு, 23இல் வேலை இழந்து, வாடகை பாக்கியோடு தவிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் திரும்பி வரலாம். 2018 ஏப்ரலிலிருந்து 25 வயது வரை பெர்சனல் அட்வைசரைக் கேட்க உரிமை இருக்கிறது, முன்பு வேண்டாம் என்றிருந்தாலும் சரி. உங்களைப் பராமரித்த கவுன்சிலின் பொது இலக்கத்துக்கு எடுத்து, லீவிங் கேர் டீமோடு (கேர் லீவர்களைக் கவனிக்கும் குழு) கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பெயரும் பிறந்த திகதியும் போதும். இல்லை என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், முறைப்பாடு செய்ய உதவும் அட்வகேட் ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், அது இலவசம். கவுன்சிலின் பதிலிலும் திருப்தி இல்லையென்றால் அடுத்தது, கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன்.