ஐந்து ஏக்கர் மானாவாரியில் எத்தனை ஆடு மேயும்?

சென்னையில் வேலை, செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் ஐந்து ஏக்கர் மானாவாரி நிலம். ஆட்டுப்பண்ணை ஆசையோடு நிலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மார்கழியில்தான் போகிறார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கும். ஐம்பது ஆடு தாராளமாக மேயும் என்று தோன்றும். சித்திரையில் அதே நிலத்தில் பச்சை என்று நிற்பவை எருக்கும் ஆவாரையும்தான். ஆட்டின் எண்ணிக்கையைச் சித்திரையை நினைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு நிலத்தை அளந்து பார்க்கலாம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாக பிவிசி குழாயில் ஒரு சட்டம், ஒரு அரிவாள், ஒரு தராசு போதும். தை பிறந்ததும் நிலத்தின் குறுக்கே நடந்து, இருபது இடத்தில் சட்டத்தைப் போடுங்கள். புல் அடர்ந்த இடமாகப் பார்த்துத்தான் கை போகும். அதனால் இத்தனை தப்படிக்கு ஒன்று என்று முன்பே வைத்துக்கொண்டு, கால் நின்ற இடத்தில் போடுவது நல்லது. சட்டத்துக்குள் இருப்பதைத் தரையோடு அறுங்கள். ஆடு தொடாத எருக்கு, பார்த்தீனியம், உண்ணிச்செடி ஆகியவற்றைக் கழித்துவிட்டு, எடை இறங்காத வரை வெயிலில் காயவைத்து நிறுங்கள்.

சராசரியாக 120 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். ஆக ஏக்கருக்கு 485 கிலோ, ஐந்து ஏக்கருக்கு ஏறக்குறைய 2,400 கிலோ. இதில் பாதியை நிலத்திலேயே விட வேண்டும். மீதி 1,200 கிலோ. 25 கிலோ எடையுள்ள ஆடு, தன் எடையில் மூன்றரை சதவீதம் காய்ந்த எடைக் கணக்கில் தின்னும். மிதித்து வீணாக்குவதையும் சேர்த்தால் நாளுக்கு ஒரு கிலோ. தை முதல் அடுத்த பருவமழைப் புல் தலையெடுக்கும் வரை 270 நாள். வகுத்துப் பாருங்கள்: நான்கு ஆடு, மிஞ்சினால் ஐந்து!

இந்த விடையைப் பார்த்ததும் பலரும் கை வைப்பது, விடச் சொன்ன அந்தப் பாதியில்தான். அதைத் தொட்டால் நிலம் போய்விடும். கொழுக்கட்டைப் புல் போன்ற பல்லாண்டு மேய்ச்சல் புல்லைத் தரையோடு மேய்த்துவிட்டால் வேரில் சேமிப்பு இருக்காது. இரண்டு மூன்று கோடையில் தூர் செத்து, அந்த இடத்தை ஆடு தின்னாத செடி பிடித்துக்கொள்ளும். மூடாக்கு இல்லாத மண்ணில் மழைநீர் இறங்காமல் ஓடிவிடும். குடற்புழுத் தொல்லையும் கூடும். புழுவின் இளம்பருவம் புல்லின் அடியில் சில சென்டிமீட்டருக்குள்தான் அதிகம் இருக்கும். பசித்த ஆடு அங்கேதான் வாய் வைக்கும். கீழ்த்தாடை வீங்கி, கண்ணிமை உட்புறம் வெளுத்த ஆட்டுக்குப் புழுமருந்து கொடுத்தாலும், அதே மொட்டைத் தரையில் விட்டால் புழு மறுபடி ஏறும்.

ஊர் மேய்க்கால் புறம்போக்கு இருக்கிறதே என்றும் எண்ண வேண்டாம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் வெள்ளாடு மட்டும் கிட்டத்தட்ட 99 லட்சம், செம்மறி 45 லட்சம். நிரந்தர மேய்ச்சல் நிலம் என்று கணக்கில் இருப்பதோ ஒரு லட்சம் எக்டேர் சொச்சம். அதிலும் நிறைய இடத்தைச் சீமைக்கருவேல் அடைத்திருக்கிறது.

நான்குக்கு மேல் எத்தனை வளர்க்கலாம் என்பது இனி நீங்கள் சேர்க்கும் தீவனத்தைப் பொறுத்தது. இருபது ஆடு வேண்டுமென்றால் 270 நாளுக்கு 5,400 கிலோ. நிலம் தருவது போக 4,200 கிலோ துண்டு விழும். வெள்ளாடு இயல்பிலேயே தழை விரும்பி என்பதால் வேலியோரம் அகத்தி, கிளுவை, சூபாபுல் (சவுண்டல்) நடுவதுதான் மலிவான வழி. சூபாபுல்லில் மைமோசின் என்ற நச்சு உண்டு. மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கடலைக்கொடியை அறுவடையின்போதே வாங்கிப் போர் போட்டுவிடுங்கள், கோடையில் தேடினால் விலை எகிறும். மழையில்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் மட்டும் ஆட்டை விடாதீர்கள். அதில் ஊறும் சயனைடு சில நிமிடத்தில் கொன்றுவிடும்.

துண்டு விழுவதைத் தீவனத்தால் நிரப்ப முடியாதென்றால், தையிலேயே கிடாக்குட்டிகளையும் பல் விழுந்த கிழ ஆடுகளையும் விற்றுவிட வேண்டும். பங்குனி வரை வைத்திருந்தால் எடையும் இறங்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு ஓட்டி வருவதால் விலையும் இறங்கும். மிச்சமாகும் ஆடுகளுக்கு மழைக்கு முன் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்கான தடுப்பூசி கட்டாயம். கோடை முழுக்கக் காய்ந்த ஆடு முதல் மழையின் இளம்புல்லை வயிறு முட்டத் தின்னும்போதுதான் அந்த நோய் தாக்கும்.

நிலத்தையே தேற்ற நினைப்பவர்கள் ஆடியிலிருந்து புரட்டாசிக்குள் மழை ஈரத்தில் கொழுக்கட்டைப் புல்லையும் முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியையும் மூன்றுக்கு ஒன்று என்று வரிசையில் கலந்து விதைக்கலாம். புதிதாக அறுத்த கொழுக்கட்டை விதை உறக்கத்தில் இருக்கும். ஆறு மாதமாவது பழகியதா என்று கேட்டு வாங்குங்கள். முயல் மசால் விதையின் தோல் கடினம். 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடினால் முளை வெளியே வராது. முதல் வருடம் ஆட்டை உள்ளே விடாமல் அறுத்துத்தான் போட வேண்டும். ஆடு இழுத்தால் இளந்தூர் வேரோடு வந்துவிடும்.