காக்டெயில் குஞ்சு: சிரிஞ்சைக் கையில் எடுக்கும் முன்

பதினோராம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் ஷூ டப்பா ஒன்றைக் கால்நடை மருத்துவரான என் மேசைமேல் வைத்துத் திறந்தான். உள்ளே பழைய பனியன் துணியில் மூன்றரை வார வயது லூட்டினோ (மஞ்சள் கலந்த வெள்ளை நிற) காக்டெயில் குஞ்சு. கொண்டை வைத்த சின்னக் கிளி இனம் அது. கொண்டை முளைத்துவிட்டது, இறக்கையெல்லாம் முள் முள்ளாக இருந்தது. பசியில் தலையை முன்னும் பின்னும் ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தது. நெஞ்சுப் பக்கம் மட்டும் இறகு ஈரமாக ஒட்டியிருந்தது. விலக்கிப் பார்த்தேன். மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை. காலையில் கொடுத்த கூழ் அதன் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது.

“நேத்து வரைக்கும் நல்லா இருந்தான் மேடம். ஒருவேளைகூடத் தவறாம கொடுத்தேன்.”

“கூழை எதுல சூடு பண்ணினே தம்பி?”

“மைக்ரோவேவ்ல, பத்து செகண்டுதான். விரல் வெச்சுப் பாத்தேன், வெதுவெதுன்னுதான் இருந்துச்சு.”

மைக்ரோவேவில் கூழ் ஒரே சீராகச் சூடாவதில்லை. ஓர் இடம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே இன்னோர் இடம் சுட்டுவிடும் சூட்டில் இருக்கும். அந்தச் சூடு குஞ்சின் தீனிப்பையில் போய் உட்கார்ந்துவிடும். கடையில் ‘கிராப்’ என்பார்களே, தொண்டைக்குக் கீழே உப்பித் தெரியும் பை, அதுதான். அன்றைக்கே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாளில் தோல் வெளுத்து, பொருக்குக் கட்டி, ஒரு வாரத்துக்குள் அது உதிர்ந்து ஓட்டை விழும். வீட்டில் பார்க்கும்போதுதான் ‘திடீரென்று’ வந்ததுபோல் இருக்கும்.

இந்தப் பையன் அலட்சியமாக இருந்தவன் இல்லை. அலாரம் வைத்து எழுந்து ஊட்டியிருக்கிறான். வாங்கிய இடத்தில் ஒருவரும் அவனுக்கு வெப்பமானியைப் பற்றிச் சொல்லவில்லை. என்னிடம் வரும் காக்டெயில் குஞ்சுகளில் பெரும்பாலானவை இப்படித்தான், பாசத்தோடு வளர்க்கப்பட்டு, தெரியாமையால் அடிபட்டு வருகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கையால் ஊட்டி வளர்த்தால்தான் பறவை கைக்குப் பழகும் என்று சொல்லி, இரண்டு மூன்று வாரக் குஞ்சைக் கூட்டிலிருந்து எடுத்து, சிரிஞ்சோடு சேர்த்து விற்கிறார்கள். அது சரியில்லை. தானாகத் தின்னப் பழகிய எட்டு, பத்து வாரக் குஞ்சும், நீங்கள் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து தினைக் கதிரை நீட்டினால் சில வாரங்களில் தோளில் ஏறிவிடும். காக்டெயில் அப்படி ஒரு பறவை. பறவை வளர்த்துப் பழக்கமில்லாதவர்கள் தயவுசெய்து ஊட்டும் வயதுக் குஞ்சை வாங்காதீர்கள்.

“தானா சாப்பிடும்” என்று விற்பவர் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பாருங்கள். குஞ்சு தினையை வாயில் எடுத்து, நாக்கால் உருட்டி, தோலைத் துப்ப வேண்டும். கிண்ணத்தில் கொத்திக்கொண்டே இருப்பதெல்லாம் சாப்பிடுவது ஆகாது. வால் குட்டையாக இருந்து, அலகின் ஓரத்தை விரலால் தொட்டதும் தலையை ஆட்டிக் கத்தினால், அது இன்னும் ஊட்டும் வயதில்தான் இருக்கிறது.

சரி, ஏற்கெனவே வாங்கி வந்துவிட்டீர்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, பாவம், பசிக்குமே என்பதுதான். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது சூடு. காக்டெயிலில் தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கும். பெரும்பாலும் பகலில் ஆண், இரவில் பெண். பொரித்த குஞ்சுகளையும் இரண்டும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளும். அந்தச் சூட்டிலிருந்து பிரித்து, பைக்கின் முன்னால் பையில் தொங்கவிட்டுக் கொண்டுவந்து, ஏசி அறையில் வைத்துவிடுகிறோம். குளிர்ந்துபோன குஞ்சுக்குத் தீனிப்பை வேலை செய்யாது. அதில் கூழை ஊற்றினால் அப்படியே நின்று புளித்துவிடும். குஞ்சின் காலைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் முதலில் சூடேற்றுங்கள், அப்புறம் ஊட்டுங்கள்.

ஒரு அட்டைப்பெட்டி போதும். ஒரு பக்கம் மட்டும் சூடு படும்படி 40 வாட் குண்டு பல்பைக் குஞ்சோ துணியோ அட்டையோ தொடாத உயரத்தில் தொங்கவிடுங்கள். மறுபக்கம் சூடில்லாமல் இருக்கட்டும், வேண்டாமென்றால் குஞ்சே நகர்ந்துகொள்ளும். குஞ்சு உட்காரும் உயரத்தில் ஒரு வெப்பமானி வையுங்கள். இரண்டு வாரக் குஞ்சுக்கு 32 டிகிரி செல்சியஸ், மூன்று வாரத்துக்கு 28 முதல் 30, இறகு மூடிய பிறகு 25, 26 போதும். சென்னை மே மாதத்தில் பல்பே வேண்டியிருக்காது. அப்போது வேறு ஆபத்து. இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் சூடு அதிகம் என்று பொருள்.

அடுத்தது எடை. கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். தினமும் காலையில், முதல் தீனிக்கு முன், ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். வளர்ந்த காக்டெயிலே 80 முதல் 100 கிராம் இருக்கும் பறவை. அதில் 5 கிராம் குறைவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். இறகுக்குள் அது கண்ணுக்குத் தெரியாது, தராசுதான் சொல்லும். ஒரு குஞ்சைப் பற்றிப் போனில் யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இந்த எடை நோட்டைத்தான். கூட்டைவிட்டு வெளியே வந்து பறக்கத் தொடங்கும் ஐந்தாம் வாரத்தை ஒட்டிக் கொஞ்சம் எடை குறைவது இயல்பு. அதற்கு முன்னால் இரண்டு நாள் தொடர்ந்து குறைந்தால் காத்திருக்கக் கூடாது.

ஒரு வேளைக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூழ். 70 கிராம் குஞ்சுக்கு 7 மில்லி. மூன்று வாரத்தில் ஒரு நாளைக்கு நான்கு வேளை, நான்கு வாரத்தில் மூன்று, ஐந்து ஆறு வாரத்தில் இரண்டு. இதையெல்லாம்விட முக்கியமானது தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு வேளைக்கு முன்னும் அது ஏறக்குறையக் காலியாகியிருக்க வேண்டும். இரவு முழுக்க விட்டு, காலையில் தொட்டால் சுத்தமாகத் தட்டையாக இருக்க வேண்டும். காலையிலும் பிசைந்த மாவுபோலக் கெட்டியாகவோ, தண்ணீர்ப் பைபோலத் தளதளவென்றோ இருந்தால் அதன்மேல் இன்னொரு வேளை ஊற்றாதீர்கள். புளித்த வாடை அடித்தாலோ, வாய்க்குள் வெள்ளைப் படலம் தெரிந்தாலோ பூஞ்சை பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூழ் என்று சொன்னேன். பறவைக் குஞ்சுக்கென்றே விற்கும் ஹேண்ட் ஃபீடிங் ஃபார்முலாவைத்தான் சொல்கிறேன். குழந்தைகளுக்கு வாங்கும் பால் கலந்த மாவைப் பலர் கொடுக்கிறார்கள். பாலில் உள்ள சர்க்கரையைப் பறவையால் செரிக்க முடியாது. குஞ்சுக்கு வேண்டிய அளவு புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அந்த மாவில் இருப்பதில்லை. ஃபார்முலாவையும் பிரித்துக் கட்டிய பொட்டலமாக வாங்காதீர்கள், தேதி தெரியாது. தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாக, கட்டியில்லாமல் கரையுங்கள். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் கூழ்க் கிண்ணத்தை வைத்துச் சூட்டைக் காப்பாற்றுங்கள். கூழின் சூடு 39 முதல் 41 டிகிரி. 38-க்குக் கீழே போனால் தீனிப்பை மந்தமாகும், 43-ஐத் தாண்டினால் வெந்துபோகும். இடைவெளி இவ்வளவு சின்னது என்பதால் விரல் போதாது, டிஜிட்டல் வெப்பமானி வேண்டும். நன்றாகக் கலக்கிவிட்டு, கலக்கிய பிறகு அளக்க வேண்டும். மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

ஊட்டும்போது ஒரு கையால் தலையை மென்மையாகத் தாங்கி, குஞ்சின் இடது வாயோரத்தில் சிரிஞ்சை வைத்து, அதன் வலது பக்கம் நோக்கிச் செலுத்துங்கள். உணவுக்குழாய் கழுத்தின் வலப்பக்கமாக இறங்குகிறது. குஞ்சு தலையை ஆட்டி விழுங்கும்போது மட்டும் அழுத்துங்கள். ஆட்டம் நின்றால் உங்கள் கட்டைவிரலும் நிற்க வேண்டும். விழுங்காத குஞ்சின் வாயில் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். ஊட்டிய பிறகு மூச்சில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால், வால் மேலும் கீழும் ஆடினால், உடனே கிளம்புங்கள். நுரையீரலில் இறங்கிய கூழுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

சிரிஞ்சு முனையில் சைக்கிள் வால்வு டியூபை மாட்டி நேராகத் தீனிப்பையில் இறக்கும் வழக்கமும் இருக்கிறது. வேகமாக முடியும் என்பதால் செய்கிறார்கள். அந்த டியூப் கழன்று உள்ளே போய்விடும். வெளியிலிருந்து தடவித் தடவி மேலே தள்ளி எடுத்திருக்கிறேன், முடியாதபோது தீனிப்பையை அறுத்து எடுத்திருக்கிறேன். டியூப் வேண்டாம்.

தானாகத் தின்னப் பழக்குவதில் அவசரம் கூடாது. ஐந்தாம் வாரத்திலிருந்து தரையில் தினையும் சாமையும் தூவி, தினைக் கதிர் ஒன்றைத் தாழ்வாகக் கட்டிவிடுங்கள். ஒரு வாரம் விளையாடும், அப்புறம்தான் தின்னும். முதலில் மதிய வேளையை நிறுத்துங்கள், பிறகு காலை. இரவு வேளை கடைசியாகத்தான் நிற்க வேண்டும். அதற்குள் குஞ்சுக்கு ஏழெட்டு வார வயது ஆகலாம், பத்தும் ஆகலாம். இந்தச் சமயத்தில் பட்டினியால் சாகும் குஞ்சுகள் உண்டு. கிண்ணம் நிறைய இருக்கிறதே என்று நினைத்திருப்பார்கள். ஊதிப் பாருங்கள், மேலே இருப்பது வெறும் தோலாக இருக்கும். எச்சத்தையும் பாருங்கள். கொஞ்சமாக, கரும்பச்சையாக, வெள்ளை மட்டும் கலந்து வந்தால் வயிற்றில் ஒன்றும் போகவில்லை. பின்னாளில் வெறும் விதையே சாப்பாடு ஆகிவிடக் கூடாது. முருங்கைக் கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், வெந்த பயறு எல்லாம் சின்ன வயதிலேயே பழக்குங்கள். கூண்டில் கடல் நுரை (கணவாய் மீனின் ஓடு) ஒன்றைக் கட்டிவிடுங்கள், சுண்ணாம்புச் சத்துக்கு. அவகாடோ, சாக்லேட், காபி, உப்புப் பண்டம் எதுவும் கூடாது.

வீட்டில் ஓடும் மின்விசிறி, கொசுவத்திப் புகை, சாம்பிராணி, காய்ந்துபோன நான்ஸ்டிக் தவாவிலிருந்து எழும் புகை, இவை நான்கும் பறவைக்கு ஆகாதவை. கடைசியாகச் சொன்னது சில நிமிடங்களில் கொன்றுவிடும். இரவில் முழு இருட்டில் காக்டெயில் மிரண்டு கூண்டில் மோதிக்கொள்ளும். சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். ஏற்கெனவே பறவை இருக்கும் வீடானால் புதியதை ஒரு மாதம் தனி அறையில் வையுங்கள். கிளி இனங்களிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நுரையீரல் காய்ச்சல் ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் இருமலும் வந்தால், பறவை வளர்க்கிறோம் என்று உங்கள் டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரியாது.

அந்தப் பையனின் குஞ்சுக்கு உடனே தையல் போடவில்லை. வெந்த சதை எது, நல்ல சதை எது என்று பிரிந்து தெரிய ஐந்து நாள் காத்திருந்தோம். அதுவரை கொஞ்சம் கெட்டியான கூழை, சிறு சிறு அளவாக, நாளுக்கு ஆறு வேளை ஊட்டினான். பிறகு தீனிப்பையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் தைத்தேன். 58 கிராமில் வந்தது, தையல் பிரிக்க வந்தபோது 74. நோட்டில் எழுதியிருந்தான், நேரத்தோடும் கூழின் சூட்டோடும்.

குஞ்சைக் காட்ட மருத்துவரிடம் போகும்போது எடை நோட்டு, கூழ்ப் பாக்கெட், ஊட்டும் சிரிஞ்சு மூன்றையும் எடுத்துப் போங்கள். பெட்டிக்கு அடியில் விரித்த காகிதத்தையும் மாற்றாமல், எச்சத்தோடு, அப்படியே.