‘அதீத தன்னம்பிக்கை’ அல்ல, மிகைநினைப்பு

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் மண்சரிவு பற்றிய விழிப்புணர்வுக் கூட்டம். கையில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி: “அதீத தன்னம்பிக்கை உயிருக்கு ஆபத்து.” பக்கத்தில் பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்த பாட்டி அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஏந் தம்பி, தன்னம்பிக்கை வேணும்னுதானே ஸ்கூல் சுவத்துல எழுதிப் போட்டிருக்கு? இதுல ஆபத்துன்னு போட்டிருக்கே?”

பாட்டி கேட்டது சரியான கேள்வி. வீதிப் பாதுகாப்புப் பதாகை, முகாமைத்துவப் பயிற்சிக் கையேடு, பத்திரிகைக் கட்டுரை என்று எங்கு பார்த்தாலும் ‘ஓவர்கொன்ஃபிடன்ஸ்’ இந்த இரண்டு சொல்லாகத்தான் வந்து நிற்கிறது. இது பிழையான மொழிபெயர்ப்பு.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். ‘ஃபிடெரே’ என்றால் நம்புதல். அதிலிருந்து வந்த ‘கொன்ஃபிடன்ஸ்’ இன்று இரண்டு பொருளில் வழங்குகிறது. ஒன்று, என்னால் முடியும் என்ற துணிவு. மற்றது, ஒரு விஷயம் இப்படித்தான் என்ற நிச்சயம். முதலாவதுக்குத் தன்னம்பிக்கை நல்ல தமிழ். ஆபத்து என்று எச்சரிக்கும் இடங்களில் பெரும்பாலும் பேசப்படுவது இரண்டாவது. மொழிபெயர்ப்பவர் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து, முன்னால் ‘அதீத’ என்று ஒட்டிவிடுகிறார்.

இரண்டும் வேறு வேறு என்பதை நான் பார்த்தது தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில். என் மாமா கொழுந்து வாட்டம் பார்ப்பதில் முப்பது வருடம் ஊறியவர். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்குவார். கையை விரித்ததும் உருண்டை கலையாமல் நின்றால் வாடியாயிற்று. பொலபொலவென்று பிரிந்தால் இன்னும் ஆகவில்லை. அப்படிப் பார்த்த பிறகும், தராசில் நிறுத்துப் பார்க்காமல் கொழுந்தை உருட்டும் ரோலருக்கு அனுப்பமாட்டார். அவரிடம் வேலை பழக வந்த பையன் மூன்றே மாதத்தில் தராசுப் பக்கம் போவதை விட்டுவிட்டான். தொட்டால் தெரியும் என்பான். ஒரு நாள் மழைக் கொழுந்து. மேலே தொட்டால் வாடினது போல, உள்ளே ஈரம். ரோலரில் போட்டதும் சாறு வழிந்து ஓடியது, அன்றைய தூள் கெட்டது. அந்தப் பையன் தோட்டத்து அதிகாரியான துரைக்கு முன்னால் வாய் திறக்கவே கூசுவான், யார் கண்ணையும் பார்த்துப் பேசமாட்டான். தன்னம்பிக்கை அவனிடம் துளியும் கிடையாது. கொழுந்தைப் பற்றித் தனக்குத் தெரியும் என்ற நினைப்புத்தான் நிறைய இருந்தது. அவனிடம் போய் “உனக்கு அதீத தன்னம்பிக்கை” என்று சொன்னால் அவனுக்கு என்ன விளங்கும்?

உளவியல் ஆய்வும் இதைத்தான் அளந்தது. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் குரூகரும் டன்னிங்கும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் கடைசிக் கால்பங்கில் வந்தவர்கள் சராசரியாக நூறு பேரில் கீழிருந்து 12ஆம் இடத்தில் இருந்தார்கள். தாங்கள் நிற்பதாக அவர்கள் சொன்னதோ 62ஆம் இடம். 2008இல் மூர், ஹீலி என்ற இருவர் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: தன் திறனைக் கூட்டி மதிப்பது, பிறரைவிடத் தான் மேல் என்று மதிப்பது, தான் நினைப்பது அப்படியே சரி என்று அளவுக்கு மேல் நிச்சயமாக இருப்பது. மூன்றுமே மதிப்பீட்டுப் பிழைகள். துணிவு கூடிப்போனதை அவர்கள் அளக்கவில்லை.

தன்னம்பிக்கை அளவு மீறினால் ஆபத்து என்று மலையகத்தில் வந்து சொல்வது எனக்குக் கோபத்தையே தருகிறது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகம் இது. லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை உயர்தரம் படிக்கப் போனால் “உனக்கெதுக்கு?” என்று கேட்ட காலம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. அந்தப் பிள்ளைக்கு அரும்பாடுபட்டு ஊட்டிய ஒரு சொல்லை எச்சரிக்கைப் பலகையில் ஏற்றலாமா?

சிலர் ‘மிகைநம்பிக்கை’ என்கிறார்கள். சொல் சுருங்கியது, பிழை அப்படியே இருக்கிறது. கடவுள் மீதா, கட்சி மீதா, எதன் மீது நம்பிக்கை என்றும் தெரியவில்லை. ‘தலைக்கனம்’, ‘செருக்கு’ இரண்டும் குணத்தைத் திட்டும் சொற்கள். பிழை செய்தவன் பணிவானவனாகவும் இருக்கலாமே.

திருக்குறளில் இதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது: 85ஆவது, புல்லறிவாண்மை. புல் என்றால் இங்கே சிறுமை. சிற்றறிவை வைத்துக்கொண்டு பேரறிவாக ஆளுகிற தன்மை. “வெண்மை எனப்படுவ தியாதெனின் ஒண்மை உடையம்யாம் என்னும் செருக்கு” என்பது அதில் 844ஆம் குறள். எனக்கு அறிவு இருக்கிறது என்ற எண்ணத்தையே அறியாமை என்கிறார். செருக்கு என்று சொன்னாலும், எதைப் பற்றிய செருக்கு என்பதைத் தெளிவாக வைத்துவிடுகிறார். பொருளளவில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் தோட்டத்து மண்டபத்தில் ‘புல்’ என்றால் வெட்டுகிற புல், ‘ஆண்மை’ என்றால் வேறு பொருள். வகுப்பறைக்கு அது சரி, துண்டுப்பிரசுரத்துக்கு ஆகாது.

அப்புறம் எந்தச் சொல்? தினமும் நம் வாயில் இருப்பதுதான்: நினைப்பு. “அவனுக்குப் பெரிய நினைப்பு”, “எல்லாம் தெரியும்ங்கிற நினைப்பு”, “நெனப்புத்தான் பொழப்பக் கெடுக்கும்” என்று சொல்லாத லயம் உண்டா? உள்ளது ஒன்று, எண்ணிக்கொண்டது வேறொன்று என்ற இடைவெளி இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைக்குக் கலைச்சொல் வேண்டுமென்றால் ‘மிகைநினைப்பு’ என்று எழுதலாம். விளக்கம் கேட்காமலே விளங்கும்.

கொழும்பில் ஆங்கிலத்தில் எழுதி, அவசரமாகத் தமிழாக்கி, அச்சடித்து மலைக்கு அனுப்புகிறார்கள். யாருக்காக எழுதுகிறோமோ அவர்களில் ஒருவரிடமாவது வாசித்துக் காட்டினால் என்ன? இது உயிர் சம்பந்தப்பட்ட தாள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்கள் புதைந்ததை யாரும் மறக்கவில்லை.

கூட்டம் முடியுமுன் பாட்டியின் தாளில் அந்த வரியை வெட்டிவிட்டு, பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: “இந்த மலை சரியாது என்பது நம் நினைப்பு. 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் வெளியேறுங்கள்.” அந்த அளவு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்தது, பிரசுரத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடந்தது.

பாட்டி இரண்டு தரம் வாசித்தார். “ஆமா, நெனப்புத்தான்” என்றார். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “சரி தம்பி, வெளியேறி எங்க போறது? அதப் போடலையே?” என்று கேட்டார்.